நன்றி கேளாத துணை

பிறர் செய்த உதவியை மறவாதிருத்தலைத் தமிழர் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றினர். செய்ந்நன்றியறிதலுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். தாயகத்தை விட்டு வந்து தில்லியில் குடியேறிய நம் குடும்பங்களிலும், முதல் வேலைக்கு வழிகாட்டியவர் பெயரும், முதல் மாதம் தம் வீட்டில் தங்க இடங்கொடுத்தவர் பெயரும் இரண்டு தலைமுறை கடந்தும் நன்றியோடு நினைக்கப்படுகின்றன. இது நல்ல வழக்கமே. ஆயினும் இவ்வறத்திற்கு நாம் அதிகம் எண்ணிப் பாராத மறுபக்கம் ஒன்றுண்டு. உதவியை எப்போதோ ஒருமுறை பெறுபவருக்கு நன்றி இனிய உணர்வு. நாள்தோறும் மணிதோறும் பெற்றே தீரவேண்டியவருக்கு அது என்ன ஆகிறது?

பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவரின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். வரும் பேருந்தின் எண்ணைச் சொன்னவருக்கு ஒரு நன்றி. வகுப்பறை மாறிய செய்தியை அறிவிப்புப் பலகையில் பார்த்துச் சொன்னவருக்கு ஒரு நன்றி. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைக் காதருகே முணுமுணுத்த தோழருக்கு ஒன்று. நூலகத்தில் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தவருக்கு ஒன்று. மாலையில் அதை வாசித்துக் காட்டியவருக்கு மற்றொன்று. பக்கத்து இருக்கைக்காரர் இவை அனைத்தையும் எவருக்கும் கடன்படாமல் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார். இருவரும் ஒரே நுழைவுத் தேர்வை எழுதி ஒரே கல்லூரியில் சேர்ந்தவர்களே. மனிதருக்கு மனிதர் நன்றி சொல்வதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் நன்றியே நுழைவுச்சீட்டாகி, சினமோ சலிப்போ காட்டாமல் எந்நேரமும் இன்முகத்தோடு இருந்தால்தான் பாடம் காதில் விழும் என்னும் நிலை வந்துவிட்டால், கல்வி பிச்சையின் சாயலைப் பெற்றுவிடுகிறது.

சட்டம் இதனை ஒருவாறு உணர்ந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக விரித்தது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்குரிய இடங்களை 3 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்த்தியது. சட்டத்தின் பெயரிலேயே ‘உரிமை’ என்னும் சொல் ஏறியிருப்பது கருதத்தக்கது. பெயர் மாற்றங்களில் நமக்குப் பொதுவாக அத்தனை நம்பிக்கை கிடையாது. ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத் திறனாளி’ வந்தது. இந்தியில் ‘திவ்யாங்’ என்று தெய்வத்தன்மையே ஏற்றிச் சொன்னார்கள். உறுப்பு தெய்வத்தன்மை பெற்ற பின்னும் படிக்கட்டு படிக்கட்டாகவே இருந்தது. சொல்லை உயர்த்தச் செலவில்லை. சாய்தளம் கட்ட சிமெண்டு வேண்டும். ஆயினும் உரிமை என்ற சொல்லுக்கு ஒரு பயன் உண்டு. உரிமையைப் பெறுபவர் தலை குனிய வேண்டியதில்லை.

‘இவர்களுக்குத் தனிச் சலுகை தேவையா?’ என்று நம்முள் சிலர் மெல்லிய குரலில் கேட்பதுண்டு. கேள்வி நேர்மையானதுதான், ஆகவே நேர்மையாகவே ஆராய்வோம். சலுகை என்பது யாது? கல்லூரி நூலகத்தில் மாலை ஆறு மணிக்கு மின்விளக்குகள் எரிகின்றன. அவை யாருக்காக? பிரெய்ல் நூலை விரலால் தடவிப் படிப்பவருக்கு அவ்வொளி தேவையில்லை. இருட்டிலும் அவர் பக்கம் புரட்டுவார். விளக்குகள் முழுவதும் கண்ணுடையோரின் இயலாமைக்காக ஏற்றப்பட்டவை. ஆண்டுதோறும் அதற்கு ஆகும் மின்கட்டணத்தை எவரும் ‘பார்வையுள்ள மாணவர்க்கான சலுகை’ என்னும் தலைப்பில் எழுதுவதில்லை. அவ்வாறே மூக்குக்கண்ணாடியும். அது இல்லாமல் இந்த மலரைப் படிக்க இயலாதவர் நம்முள் பலர் இருப்பர். அவர்களை எவரும் கருவியின் துணையால் வாழ்பவர் என்று சுட்டுவதில்லை. பழகிப்போன துணைக்கு வசதி என்று பெயர். பழகாத துணைக்குச் சலுகை என்று பெயர். வேறுபாடு பெரும்பாலும் அவ்வளவே.

‘பொறி’ என்னும் சொல்லைத் தமிழர் புலனுக்கும் வைத்தனர், இயந்திரத்திற்கும் வைத்தனர், ஊழுக்கும் வைத்தனர். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் பொறியின்மையைப் பழியாகக் கொள்ளாத குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், அச்சொல்லுக்கு விதி என்று பொருள் கண்டார். இக்கால உரைகளுள் உடலுறுப்பு என்று கொண்டதும் உண்டு. இயந்திரம் என்னும் பொருளை அக்குறளில் ஏற்றிப் பார்க்க உரையாசிரியர் எவரும் துணியார். ஆனால் இன்றைய கல்லூரி வாயிலில் நின்று பார்த்தால் மூன்று பொருளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஒரு பொறி குன்றிய இடத்தில் மற்றொரு பொறி துணை வருகிறது. அது வருமா வாராதா என்பதோ, பிறந்த ஊரையும் சேர்ந்த கல்லூரியையும் பொறுத்து ஊழ்போல் அமைந்துவிடுகிறது.

தில்லித் தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றை ஈண்டுக் கூறவேண்டும். நம் முன்னோருள் பலர் இந்நகருக்கு வந்தபோது கையில் கொண்டுவந்த செல்வம் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும்தாம். தஞ்சையிலும் பாலக்காட்டிலும் பயிற்சிக் கூடங்களில் கற்ற அவ்விரண்டும் மத்தியச் செயலகத்தின் கதவுகளைத் திறந்தன. கரோல் பாக்கிலும் பின்னர் இராமகிருஷ்ணபுரத்திலும் அடுப்புகளை எரியச் செய்தன. அந்தத் தட்டெழுத்துப் பொறியின் பிறப்பைத் தேடிப்போனால் இத்தாலியில் ஒரு பார்வையற்ற பெண்ணிடம் சென்று சேர்வோம். பெல்லெகிரினோ துர்ரி என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்பார்வை இழந்த கரோலினா ஃபாண்டோனி என்னும் சீமாட்டி தம் கடிதங்களைத் தாமே எழுதிக்கொள்ளும் பொருட்டு ஒரு பொறியைச் செய்து கொடுத்தார். உண்மையில் எழுதிய தட்டெழுத்துப் பொறிகளுள் முதன்மையானதாக அதனை வரலாற்றாசிரியர் எண்ணுவர். பின்னர் 1865ஆம் ஆண்டளவில் எழுத்துருண்டை என்னும் பொறியை உருவாக்கிய மல்லிங்-ஹான்சன், கோபன்ஹேகனில் காது கேளாதோர் பள்ளியை நடத்தியவர். நம் பாட்டனார்க்குச் சம்பளம் தந்த கருவியின் முன்னோடிகள் குறையுடையோரை எண்ணிச் செய்யப்பட்டவை. அவர்கள் பெற்ற துணையால் நாம் வாழ்ந்தோம். நன்றிக்கணக்கு எழுதத் தொடங்கினால் அது எப்பக்கம் சாயும் என்று சொல்வது எளிதன்று.

துர்ரி செய்துகொடுத்த பொறியில் ஒரு நுட்பம் உண்டு. அந்தச் சீமாட்டியிடம் செல்வம் இருந்தது. சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்திருக்க இயலும். இருந்தும் பொறி தேவைப்பட்டது. ஏனெனில் அந்தரங்கக் கடிதத்தை ஆள் வைத்து எழுத முடியாது.

இதுவே வாசிப்புக்கும் பொருந்தும். முன்னாளில் பார்வையற்ற மாணவருக்குப் பாடநூலைத் தோழர்கள் வாசித்தனர். பின்னர்த் தன்னார்வலர் ஒலிநாடாவில் பதிந்து தந்தனர். அவர்கள் தொண்டு பெரிது. ஆனால் வாசிப்பவர் சலிப்பூட்டும் பத்தியைத் தாண்டிவிடுவார், அடிக்குறிப்பை விட்டுவிடுவார், தமக்குப் பிடிக்காத கருத்து வந்தால் குரலை மாற்றுவார். கேட்பவர் நூலாசிரியரை நேரே சந்திப்பதில்லை. வாசிப்பவரின் வழியாகவே சந்திக்கிறார். கணினியின் திரையிலுள்ளதைக் குரலாக்கும் திரைவாசிப்பு மென்பொருள் வந்தபின் நிலைமை மாறியது. அது சலிப்பதில்லை; ஒரே வரியை நாற்பது முறை கேட்டாலும் முகஞ்சுளிப்பதில்லை; நள்ளிரவு இரண்டு மணிக்கும் உடன்படும். பயிற்சி பெற்ற மாணவர் அதனைக் கேட்கும் வேகம் நமக்கு வெறும் இரைச்சலாகவே படும். எல்லாவற்றினும் மேலாக, தேர்வுக்குத் தேவையில்லாத ஒன்றைப் படிக்கும் உரிமையை அது தந்தது. மட்டமான துப்பறியும் கதையை ஒரு நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல எவருக்கும் கூச்சமாக இருக்கும். தாய் எழுதிய கடிதத்தையும், மருத்துவர் தந்த அறிக்கையையும், வங்கிக் கணக்கின் இருப்பையும் அயலார் குரலில் கேட்க நேர்ந்தவர், தாமே படிப்பது என்றால் என்ன என்று நம்மினும் நன்கு அறிவார்.

அம்மென்பொருள்கள் விலை மிகுந்தவையாக இருந்தன. அந்நிலையில் 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்னும் இளைஞர் என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் தே அவருடன் இணைந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். கண்ணுடையோர் கணினிக்குக் கொடுக்கும் விலைக்கு மேல் பார்வையற்றோர் ஏன் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். தமிழிலும் அது பேசும். உதவி பெறுவோர் என்று நாம் ஒருபக்கம் நிறுத்திவைத்தவர்கள் உலகுக்கே கொடுப்போராக மாறிய கதை இது. பதினைந்து வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்தமைத்த லூயி பிரெய்லும் பார்வையற்ற மாணவர்தாமே.

இனித் தேர்வு. நம் குடும்பங்களில் தேர்வு என்பது வெறும் தேர்வன்று; அது நம்மை இங்குக் கொண்டுவந்து சேர்த்த வழி. சிபாரிசும் நிலமும் இல்லாதவர்க்கு மதிப்பெண்ணே துணை என்று வளர்ந்தவர்கள் நாம். ஆதலின் ஒருவருக்கு மட்டும் கூடுதல் நேரம், ஒருவருக்கு மட்டும் சொல்வதை எழுத ஓர் ஆள் என்று கேள்விப்பட்டால் நம் உள்ளம் சற்றே துணுக்குறுகிறது. மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் ஈடுநேரம் தரவேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி. மூன்று மணித் தேர்வு நான்கு மணியாகிறது. இது நேர்மையா?

விடை, தேர்வு எதை அளக்கிறது என்பதில் உள்ளது. தட்டெழுத்துத் தேர்வு விரலின் விரைவை அளக்கிறது. அங்கே கூடுதல் நேரம் தந்தால் அளவுகோலே பொய்யாகிவிடும். வரலாற்றுத் தேர்வு விரலின் விரைவை அளக்கவில்லை. மூன்று மணி நேரம் என்பது சராசரிக் கைகளை மனத்தில் வைத்து எவரோ வகுத்த எல்லை. அது வரலாற்றறிவின் பகுதியன்று. ஒரு கேள்வியை இருமுறை கேட்டுணர்ந்து, விடையை மனத்தில் அமைத்து, பிறருக்குச் சொல்லி, அவர் எழுதியது சரியா என்று வினவி, பிறகு அடுத்த கேள்விக்குச் செல்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் பரிசாகக் கிடைப்பதில்லை. அந்த வேலையிலேயே அது செலவாகிவிடுகிறது.

இதில் நாட்டின் உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அளித்த தீர்ப்பு ஊன்றிப் படிக்கத்தக்கது. விகாஷ் குமார் என்பவர் மருத்துவப் பட்டதாரி. எழுதத் தொடங்கினால் கைத்தசை இறுகிக்கொள்ளும் நோயுடையவர். குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத ஓர் ஆள் கேட்டார். நாற்பது விழுக்காட்டுக் குறைபாடு என்னும் வரம்பிற்குள் அவர் வரவில்லை என்று மறுக்கப்பட்டது. நீதியரசர் சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, அந்த வரம்பு இட ஒதுக்கீட்டிற்கு உரியது, துணை பெறும் உரிமைக்கு உரியதன்று எனப் பிரித்துக் காட்டியது. சிலர் இவ்வசதியைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்ற வாதமும் அங்கே வைக்கப்பட்டது. அவ்வச்சத்தைக் காட்டி உண்மையாகத் தேவைப்படுவோருக்குக் கதவை அடைக்க நீதிமன்றம் இடந்தரவில்லை. அதே ஆண்டு நவம்பரில், எழுத்துக் குறைபாடுடைய ஒரு மாணவிக்கு மருத்துவ நுழைவுத் தேர்வில் ஈடுநேரம் மறுக்கப்பட்ட வழக்கிலும் தீர்ப்பு மாணவியின் உரிமையையே நிலைநாட்டியது.

கண்ணுக்குத் தெரியாத குறையுடையோர் நிலை இன்னும் கடினம். சக்கர நாற்காலியைப் பார்த்து ஒதுங்கி வழிவிடும் நாம், எழுத்துகள் இடம் மாறித் தோன்றும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். கற்றல் குறைபாடு சட்டத்தின் பட்டியலில் ஏறிவிட்டது. நம் வீட்டுப் பேச்சில் இன்னும் ஏறவில்லை.

கருவி வந்துவிட்டதால் எல்லாம் வந்துவிட்டதாகக் கொள்ளல் ஆகாது. தில்லி ஐஐடியில் உருவாகி 2014இல் வெளிவந்த ‘ஸ்மார்ட் கேன்’ என்னும் கருவியைக் காண்போம். வெண்கோல் முழங்காலுக்குக் கீழுள்ள தடையை மட்டுமே உணர்த்தும். முகத்திற்கு நேரே நீட்டிக்கொண்டிருப்பதை உணர்த்தாது. தில்லிச் சந்துகளில் சன்னலுக்கு வெளியே தொங்கும் கூலர்ப் பெட்டிகளை அறிந்தவர்க்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. கோலில் பொருத்தும் இக்கருவி, காதுக்கெட்டா ஒலியலையை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தடையை உணர்ந்து, கைப்பிடியின் அதிர்வால் எச்சரிக்கும். அரிய கருவியே. ஆனால் கூலரை வழிநடுவே தலைமட்டத்தில் நீட்டி வைத்தவர் யார்? கருவியைப் போற்றும் களிப்பில் இக்கேள்வி மறைந்துவிடக் கூடாது. காது கேளாத மாணவருக்குப் பேச்சை எழுத்தாக்கித் தரும் மென்பொருள் இருக்கிறது. தில்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகைமொழி ஆய்வு நிறுவனம் 2021க்குள் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டிருக்கிறது. இவ்வளவு இருந்தும், பேராசிரியர் பலகையை நோக்கித் திரும்பிக்கொண்டே பேசினால் உதட்டசைவைப் படிக்கும் மாணவருக்கு அந்த வகுப்பு சுவரோடு பேசிய வகுப்பே. அவர் முகத்தைத் திருப்ப எந்தக் கருவியும் வேண்டாம்.

மற்றொன்று காலம். ஆகஸ்டில் தொடங்கும் பருவத்திற்குரிய நூல் படிக்கத்தக்க வடிவில் டிசம்பரில் கிடைத்தால், கோப்பில் ‘வழங்கப்பட்டது’ என்று எழுதலாம். மாணவரோ தேர்வை எழுதி முடித்திருப்பார். சட்டம் நூலைத் தடுக்கவில்லை. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம், மாற்றுத் திறனாளிகளுக்காக நூல்களை ஏற்ற வடிவுக்கு மாற்ற வழிவிட்டது. இதே நோக்கத்திற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியாதான். தாமதம் நிகழ்வது சட்டத்திற்கும் மேசைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்.

இனி, கருவியைக் குறித்து எழும் அச்சம் ஒன்றையும் மறைத்தல் ஆகாது. மென்பொருள் வாங்கித் தந்துவிட்டோம், தனியறை ஒதுக்கிவிட்டோம் என்று நிருவாகமும் தோழர்களும் நிறைவடைந்துவிட்டால், அம்மாணவர் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு அவ்வறையில் தனித்திருப்பார். முன்பு வாசித்துக்காட்ட வந்த தோழர் இப்போது வரவேண்டிய தேவையில்லை. வாசிப்போடு சேர்ந்து நடந்த தேநீரும் வம்பும் போயின. நன்றி என்னும் சுமை இறங்கியபோது நட்பும் உடன் இறங்கிவிட்டதா?

நமக்கு இரட்டைப் புலவர் நினைவுக்கு வருகின்றனர். ஒருவர் நடக்க இயலாதவர், மற்றவர் பார்வையற்றவர். காண இயலாதவர் நடக்க இயலாதவரைத் தோளில் சுமந்தார். தோளிலிருந்தவர் வழி சொன்னார். ஊர் ஊராகச் சென்று, ஒருவர் பாதி பாட மற்றவர் மீதியை முடித்தார் என்பர். அவர்களுள் யார் உதவினார், யார் உதவி பெற்றார் என்று எவரும் கேட்டதில்லை; கேட்டால் நகைப்புக்கிடமாகும். இருவரும் கொடுப்போர், இருவரும் கொள்வோர். எனவே நன்றிக்கணக்கு எழவில்லை, நட்பு நின்றது. நம் கல்லூரிகளில் இவ்வொப்புமை அமைவதில்லை. பார்வையுள்ள மாணவர் எப்போதும் தோள் கொடுப்பவராகவும், மற்றவர் எப்போதும் சுமக்கப்படுபவராகவும் இருத்தப்படுகின்றனர். கருவி செய்யும் பெரும்பணி இதைக் கலைப்பதே என்று எண்ணுகிறோம். பாடநூலைத் தாமே படித்துவிட்டு வந்தவர், தோழருடன் அதைப்பற்றி வாதிடலாம். அவர் குறிப்பைத் திருத்தலாம். அவரோடு சண்டையிடவும் செய்யலாம். சண்டையிட்டால் நாளை யார் வாசித்துக் காட்டுவார் என்னும் அச்சமில்லாதபோதுதான் இருவரும் சமமாக அமர்கின்றனர். தேவை வேறிடத்தில் நிறைவேறிவிட்டால், அதன்பின் வரும் தோழர் விரும்பியே வருகிறார். சிலர் வாராமல் நின்றுவிடலாம், அது துயரந்தான். ஆயினும் கட்டாயத்தால் கட்டி வைத்த உறவைவிட அது மேலானது என்றே கூறுவோம்.

நம் தமிழுக்கு இதில் ஒரு தனிக் கடமை உண்டு. ஆங்கிலப் பாடத்தைச் சரளமாகப் படிக்கும் பொறி, தமிழ்ப் பக்கத்தின் முன் பலவேளை திகைத்து நிற்கிறது. நம் எழுத்துமுறையில் ஒரே வரிவடிவம் இடத்திற்கேற்பப் பல ஒலி பெறும். ‘பாவம்’ என்று எழுதினால் அது தீவினையா, நடனத்தின் மெய்ப்பாடா, இரக்கத்தின் குரலா என்று மனிதர் குறிப்பால் உணர்வர். பொறி ஒரே ஒலியில் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகும். இதனைக் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க இயலாதது வேறொன்று. ஒருங்குறி வருமுன் எழுந்த பழைய கணினி எழுத்துருக்களில் கோத்த தமிழ், கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். உள்ளே அது ஆங்கில எழுத்துகளின் குப்பையே. பொறி அந்தக் குப்பையைத்தான் படிக்கும். பக்கத்தைப் படமெடுத்துக் கோப்பாக்கி வைத்தாலோ, எழுத்துணரி மென்பொருளின் துணையில்லாமல் அது ஒன்றையும் படிக்காது. வெற்றுத்தாள் என்றே கருதும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ் எழுத்துணரி அமைத்து, அதனால் தமிழ் நூல்கள் பிரெய்லுக்கு மாற வழிசெய்தனர். அச்சிட்ட பழைய நூல்களுக்கு அது வேண்டும். இனி அச்சிடும் நூல்களுக்கு அத்துணை உழைப்பும் வேண்டியதில்லை. ஒருங்குறியில் கோத்து, மூலக்கோப்பைப் பாதுகாத்து, கேட்பவருக்குக் கொடுத்தால் போதும்.

தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களும் இதில் அடங்கும். கோலத்தையும் குத்துவிளக்கையும் அட்டையில் அச்சிடும் பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். தமிழ் இலக்கியம் பயிலத் தில்லிக்கு வரும் பார்வையற்ற மாணவர் ஒருவர் சங்க நூலகத்தின் வாயிலில் வந்து இவ்வாண்டு மலரைக் கேட்டால், நூலகர் அலமாரியை நோக்கித் திரும்பாமல், கோப்பை அப்போதே அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிடலாம். அவர் வீடு திரும்பும் வழியில், மெட்ரோவிலேயே படித்துவிடுவார்; பிடிக்காத கட்டுரையைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போவார்.